விசை கனமா? அரத்தை எடுக்காதீர்கள்!

"அண்ணே, விசை ரொம்பக் கனமா இருக்குது. கொஞ்சம் இளக்கிக் கொடுங்க."

நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர் பட்டறைக்காரரிடம் சொல்லும் வார்த்தை இது.

பட்டறைக்காரர் அரத்தை எடுக்கிறார். நாலு இழுப்பு இழுக்கிறார். விசை பஞ்சு போல ஆகிவிடுகிறது. கொண்டு வந்தவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

துப்பாக்கி சுவரில் சாய்ந்து நிற்கிறது. பூனை ஓடுகிறது, துப்பாக்கி சரிந்து விழுகிறது. அல்லது ஒரு குழந்தை தொட்டுப் பார்க்கிறது. "டமார்!" அப்புறம் அழுது என்ன பயன்?

விசை கனமாக இருந்தால் அது துப்பாக்கியின் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு.

கனம் வேறு; கரடு வேறு. கனம் என்பது காவல். கரடு என்பது நோய். நோயைத் தீர்க்க வேண்டும். காவலை நீக்கக் கூடாது. இதுதான் என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

பாராமகால் சீமை

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் இடையே இருக்கிறது மாரண்டஹள்ளி. சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் ரெயில் பாதையில் உள்ள ஊர். வயல்களில் ராகியும் தக்காளியும் விளைகின்றன. அப்பால் மலை, மலை மேல் காடு.

இந்தச் சீமைக்கு முன்பு பாராமகால் என்று பெயர். 1791-ம் ஆண்டு ராயக்கோட்டையை ஆங்கிலேயப் படை பிடித்தது. மறு ஆண்டு, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, பாராமகால் திப்பு சுல்தானிடம் இருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

அந்தப் போரில் சிப்பாய்கள் தூக்கிய துப்பாக்கி எது தெரியுமா? குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கோலால் கெட்டிக்கும் துப்பாக்கி. இன்று நாம் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் அதன் வாரிசுதான்.

பட்டாளம் அதை எப்போதோ விட்டுவிட்டது. ஆனால் காட்டு ஓரத்துக் குடியானவர்களிடம் அது இன்னும் இருக்கிறது. காரணம், பயிர்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு கொடுக்கலாம் என்று அதன் 13-வது பிரிவு சொல்கிறது.

ஆக, இது கொள்ளைக்காரர் கதை அல்ல. குடும்பம் நடத்துகிறவர் வீட்டில் இருக்கும் பொருளைப் பற்றிய விஷயம். அதனால்தான் குடும்பத்தில் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே என்ன நடக்கிறது?

விசை என்பது விரலால் இழுக்கும் பாகம். டிரிக்கர் என்றும் சொல்வார்கள். மேலே கோழித் தலை போல வளைந்து நிற்பது குதிரை. குதிரைதான் ஓங்கி அடிக்கிறது.

குதிரைக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. குதிரையைப் பின்னால் இழுக்கும்போது அந்த ஸ்பிரிங் இறுகுகிறது.

குதிரையின் அச்சில் ஒரு சிறு இரும்புத் துண்டு பொருந்தி இருக்கும். அதில் இரண்டு வெட்டுகள் உண்டு. நாக்கு போன்ற இன்னொரு இரும்பு, அந்த வெட்டில் போய் உட்காருகிறது. உடனே குதிரை அப்படியே நின்றுவிடுகிறது. கதவைத் தாழ்ப்பாள் பிடிப்பது போலத்தான்.

முதல் வெட்டு ஆழமானது. குதிரை பாதி தூரம் வந்ததும் நாக்கு அதில் விழும். இது அரை இழுப்பு. இந்த நிலையில் விசையை இழுத்தாலும் குதிரை அடிக்கக் கூடாது.

இரண்டாவது வெட்டு ஆழம் குறைந்தது. இது முழு இழுப்பு. இந்த நிலையில் விசையை இழுத்தால், விசை நாக்கின் வாலைத் தூக்குகிறது. நாக்கு வெட்டை விட்டு வெளியே வருகிறது. குதிரை பாய்கிறது.

பார்த்தீர்களா? முழு இழுப்பில் நிற்கும் துப்பாக்கியை, ஒரு நெல் முனை அளவு இரும்புதான் பிடித்துக்கொண்டு இருக்கிறது! அந்த முனையில்தான் எல்லோருடைய உயிரும் இருக்கிறது.

ஏன் கனக்கிறது?

பழைய துப்பாக்கிகளில் குதிரையின் வாயில் சிக்கிமுக்கிக் கல் இருக்கும். அது இரும்பில் உரசி நெருப்புப் பொறி தர வேண்டும். மெல்ல அடித்தால் பொறி வராது. ஆகவே ஸ்பிரிங் பலமாக இருந்தது.

1807-ம் ஆண்டு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் போர்சைத் என்ற பாதிரியார் ஒரு புதிய முறைக்கு உரிமை பெற்றார். அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைச் சுடும் முறை அது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய கேப்பு. கேப்பும் ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும்.

ஸ்பிரிங் பலமாக இருந்தால், வெட்டில் நாக்கு அழுத்தமாக உட்காரும். அழுத்தமாக உட்கார்ந்ததை எடுக்க அதிக பலம் வேண்டும். இதுதான் இயற்கையான கனம். இதில் குற்றம் ஏதும் இல்லை.

விசையைக் கோத்திருக்கும் ஆணி இன்னொரு காரணம். பாறையைக் கடப்பாரையால் நெம்புகிறோம். முட்டுக் கல்லைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தால் சுலபமாக நெம்பலாம். தள்ளி வைத்தால் மூச்சு வாங்கும். விசையும் ஒரு சிறிய கடப்பாரைதான். அதன் ஆணி நாக்கின் வாலுக்குப் பக்கத்தில் இருந்தால் விசை இலேசாக வரும். தள்ளி இருந்தால் கனக்கும்.

இவை செய்யும்போதே அமைந்த காரணங்கள். பிறகு வந்து சேரும் காரணங்களும் உண்டு.

கருமருந்து வெடித்தால் கரி படியும். அந்தக் கரி ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைக் கொண்டுவரும். துரு பிடித்த இரும்பு துருப் பிடித்த இரும்பின் மேல் உரசினால் எப்படி வழுக்கும்?

பழைய எண்ணெய் பிசின் போல இறுகிவிடும். அதுவும் விசையைப் பிடிக்கும்.

மழைக் காலத்தில் கட்டை ஊறிப் பருக்கும். பருத்த மரம் உள்ளே இருக்கும் இரும்பை நெருக்கும். வெயில் காலத்தில் சரியாக இருந்த விசை, ஐப்பசியில் கனப்பது இதனால்தான்.

திருகாணியை அளவுக்கு மேல் முறுக்கி இருந்தாலும் நாக்கு அசைய மறுக்கும்.

தேர்தல் வரும்போது, லைசென்சு துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாரக் கணக்கில் சும்மா கிடந்துவிட்டுத் திரும்பி வரும். அப்போதும் விசை கனமாகத் தெரியலாம். அது வயதான கனம் அல்ல. தூசியும் துருவும் கொடுத்த கரடு.

எது காவல், எது நோய்?

கரடு என்றால் என்ன? விசை ஒரே சீராக வராமல், நகர்ந்து, நின்று, மறுபடி நகரும். உள்ளே மணலை அரைப்பது போல இருக்கும். நேற்று ஒரு கனம், இன்று ஒரு கனமாக இருக்கும். இது நோய்.

சீராக இருந்து, ஓர் அளவு பலம் கொடுத்ததும் "டக்" என்று விடுகிறதா? எப்போது இழுத்தாலும் அதே அளவுதானா? அது கனமாக இருந்தாலும் நல்ல விசை. அதுதான் காவல்.

கனமான விசையால் குறி தவறும் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். பலமாக இழுக்கும்போது குழல் ஒரு பக்கம் அசையும், குண்டு விலகும். அதனால்தான் ஜெர்மனியில் பழைய வேட்டை ரைபிள்களில் இரண்டு விசை வைத்தார்கள். ஒன்றை இழுத்தால் மற்றது இலேசாகிவிடும். சுடப் போகும் அந்த நிமிஷத்தில் மட்டும் இலேசு. மற்ற நேரம் எல்லாம் கனம். எவ்வளவு யோசனை பாருங்கள்!

குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் என்ன விதி தெரியுமா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில், விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. எடைக் கல்லைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள்.

"இதற்கு மேல் கனம் கூடாது" என்று அங்கே விதி இல்லை. "இதற்குக் கீழே இலேசு கூடாது" என்றுதான் விதி! பயிற்சி பெற்றவர்கள், கண்காணிப்பாளர்கள் முன்னிலையில், தடுப்புச் சுவர் உள்ள இடத்தில் சுடுகிறார்கள். அவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு. குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்?

இன்னொன்றும் யோசியுங்கள். பயிர்க் காவலுக்கு வேண்டியது என்ன? சத்தம். வெறும் மருந்து வெடித்தாலே சத்தம் வரும். சத்தத்துக்குக் குறி எதற்கு? குறி வேண்டாத இடத்தில் இலேசான விசை எதற்கு?

அரம் செய்யும் அநியாயம்

அரம் எதைத் தேய்க்கிறது? முழு இழுப்பின் வெட்டைத் தேய்க்கிறது. அல்லது நாக்கின் முனையைத் தேய்க்கிறது. ஏற்கெனவே நெல் முனை அளவு பிடிப்பு. அது கடுகு அளவாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய தீமை ஒன்று உண்டு. இந்தப் பாகங்களில் பல, மேலே மட்டும் கெட்டியாக்கப்பட்டவை. உள்ளே இரும்பு மெது. தேங்காய்க்கு ஓடு கெட்டி, பருப்பு மெது அல்லவா? அதைப் போல. அரம் மேல் தோலைச் சீவிவிட்டால் மெதுவான இரும்பு வெளியே வரும். அது நாளுக்கு நாள் தானே தேயும்.

பட்டறையில் சோதித்தபோது சரியாக இருந்தது. ஆறு மாதம் கழித்துக் குதிரை தானாக நழுவுகிறது. குற்றம் யார் மேல்?

அரை இழுப்பின் வெட்டும் கெட்டுப் போனால் கேட்கவே வேண்டாம். "அரை இழுப்பில்தானே இருக்கிறது" என்று நம்பித் தோளில் மாட்டுவார்கள். வரப்பில் கால் தடுக்கும்...

சிலர் அரத்தைத் தொட மாட்டார்கள். பெரிய ஸ்பிரிங்கை இளக்குவார்கள். அதுவும் தப்பு. அடி மெதுவாகிவிடும்; கேப்பு ஒழுங்காக வெடிக்காது. சில சமயம் மருந்து தாமதித்து வெடிக்கும். "வெடிக்கவில்லையே" என்று குழலைத் திருப்பிப் பார்ப்பவர் கதி என்ன? வெடிக்காத துப்பாக்கியைக் குறைந்தது ஒரு நிமிஷமாவது ஆள் இல்லாத பக்கம் நீட்டியபடியே பிடித்திருக்க வேண்டும்.

வாயில்லாக் காவல்

இலேசான விசையின் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இலங்கையில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். காட்டுப் பாதையில் நாட்டுத் துவக்கைக் கட்டிவைத்து, விசையிலிருந்து ஒரு கம்பியை வழியின் குறுக்கே இழுத்துவிடுவது உண்டு. அதற்குக் கட்டுத்துவக்கு என்று பெயர்.

பன்றிக்கு என்று வைத்தது பன்றியைத்தான் சுடுமா? கம்பிக்குக் கண் இல்லை. விறகுக்குப் போனவரின் கால் பட்டாலும் சுடும். அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் காலில் குண்டு பாய்ந்து வந்தவர்கள் பலர்.

யாருடைய விரல் என்று பார்க்காமல் சுடுவதுதான் இலேசான விசை. இழுப்பவர் நிஜமாகவே இழுக்க நினைக்கிறாரா என்று கேட்பதுதான் கனமான விசை.

மாரண்டஹள்ளிப் பக்கம் இன்னொரு கண் இல்லாத கம்பியையும் பார்த்துவிட்டோம். 2023-ம் ஆண்டு மார்ச் மாதம், மாரண்டஹள்ளி அருகே ஒரு தோட்டத்தில் திருட்டு மின் வேலியில் சிக்கி 3 யானைகள் செத்துப் போயின. கூட வந்த 2 குட்டிகள் தப்பின. பயிரைக் காக்க வைத்த வேலி, உயிரை எடுக்கும் வேலி ஆயிற்று. அதே கம்பியில் ஒரு மனிதர் கை வைத்திருந்தால்?

என்ன செய்யலாம்?

லைசென்சு உள்ளவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைத் துப்பாக்கியில் இதுதான் பெரிய ஆபத்து. தோட்டாத் துப்பாக்கியை மடக்கித் திறந்தால் உள்ளே தெரியும். இதைத் திறக்க முடியாது. கெட்டித்த துப்பாக்கியும் வெறும் துப்பாக்கியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். கேப்பை எடுங்கள். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்புங்கள். முகத்தையும் கையையும் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், கோலை மெல்ல உள்ளே விடுங்கள். வாய் மட்டத்தில் கோலில் அடையாளம் வையுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, கேப்பு மாட்டும் முளை வரை வருகிறதா? வந்தால் குழல் காலி. விரல் நீளம் குறைகிறதா? உள்ளே மருந்து இருக்கிறது! நோண்டாதீர்கள். அனுபவம் உள்ள லைசென்சுப் பட்டறையில் காட்டுங்கள்.

குழல் காலி என்று உறுதியான பிறகு சுத்தம் செய்யுங்கள். கருமருந்தின் கரி எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீர்த் துணியால் துடைத்து, ஈரம் போக நன்றாக உலர்த்தி, பிறகு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். சொட்டுத்தான், ஊற்ற வேண்டாம். பல துப்பாக்கிகளில் நோய் இதிலேயே தீர்ந்துவிடும்.

சோதிப்பதற்காகக் குதிரையை வெறுமனே அடிக்க விடாதீர்கள். முளை நசுங்கும். கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

அதற்குப் பிறகும் கரடாக இருந்தால், ஆணி இடம் மாற வேண்டியிருக்கலாம். வெட்டை மெருகு போட வேண்டியிருக்கலாம். அது தெரிந்தவர் வேலை. அவரிடமும் "இளக்குங்கள்" என்று சொல்லாதீர்கள். "சீராக்குங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு வார்த்தைதான் வித்தியாசம். பலன் எவ்வளவோ வித்தியாசம்!

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி செய்யவும், ரிப்பேர் பார்க்கவும், விற்கவும் தனி லைசென்சு வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு. கலப்பைக் கொழு அடிக்கும் பட்டறையில் துப்பாக்கியைக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்சு இல்லாமல் ரிப்பேர் செய்தால் தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது. ஆயுள் வரை போகலாம்.

லைசென்சு இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. "தாத்தா காலத்துத் துப்பாக்கி" என்று சொல்லித் தப்ப முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப் பகுதிகளில், இப்படிப்பட்ட துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி வனத்துறையும் போலீசாரும் கேட்டு வருகிறார்கள். ஒப்படைப்பது அவமானம் அல்ல, நிம்மதி.

பயிர்க் காவல் லைசென்சு வேட்டை லைசென்சு அல்ல. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் உத்தரவு போட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்றது. யார் சுடலாம்? வனத்துறையினர். குடியானவர் அல்ல.

ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. இரவெல்லாம் கண் விழித்து, காலையில் அழிந்த ராகியைப் பார்க்கிறவருடைய வயிற்றெரிச்சல் சின்னது அல்ல. நட்டஈடு தாமதமாக வந்தால் அவர் கை துப்பாக்கியைத்தான் தேடும். நட்டஈட்டை விரைவாகக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் இன்றே கேளுங்கள்: "அதில் மருந்து இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா? விசையை யாராவது அராவினார்களா?"

இந்த மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வரும் வீட்டில், விசை கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். விரல் வலித்தால் பரவாயில்லை.